எல்லா நண்டும் ஒரே தொட்டிக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், வீட்டிலேயே கடல்நீர் மீன்தொட்டி வைப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பவளம் வளர்க்கிற ரீஃப் தொட்டி பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் கட்டுரை வந்ததே எனக்குச் சந்தோஷம். உப்பளவு, விளக்கு, பம்ப் பற்றியெல்லாம் எழுதியவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஆனால் தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நாலைந்து வகை நண்டுகளை வாங்கி விட்டால் போதும், பாசியையும் மிச்சத் தீனியையும் அவையே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பி இந்த வாரமே கொளத்தூர் மீன்தொட்டிக் கடைகளுக்குப் போய் ஒரே கவரில் நாலு வகை நண்டு வாங்கி வந்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

உலகத்தில் உண்மை நண்டுகள் மட்டுமே சுமார் 7000 இனங்கள் இருக்கின்றன. ஒன்று பாசியைக் கிள்ளித் தின்னும், ஒன்று பவளக் கிளைக்குள்ளேயே ஆயுள் முழுக்கக் கிடக்கும், இன்னொன்று ராத்திரி அசையாமல் கிடக்கிற மீனைப் பிடித்துத் தின்னும். இதில் பெரும்பாலானவை கிடைத்ததைத் தின்னும் சாதி. பாசி தின்னும் நண்டு என்று சொல்லி விற்கிற நண்டு, தொட்டியில் பாசி தீர்ந்த மறுநாளே பட்டினி கிடந்து செத்துப்போவதில்லை, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை நோக்கிப் போகிறது. பக்கத்தில் இருப்பது நத்தையாகவோ சின்ன நண்டாகவோ பவளமாகவோ இருக்கலாம். ஆகவே ஒரு நண்டை இன்னொன்றோடு சேர்க்கும்முன் அது எதைத் தின்கிறது, எங்கே குடியிருக்கும், வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்று பார்த்தே ஆக வேண்டும். கட்டுரையில் இது எதுவும் இல்லை.

ஹெர்மிட் நண்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். நத்தை ஓட்டுக்குள் உடம்பை ஒளித்துக்கொண்டு திரியும் இதை உண்மை நண்டுகளின் வகையில் சேர்ப்பதில்லை, இதன் வயிற்றுப்பகுதிக்கு ஓடே கிடையாது, மெத்தென்று சுருண்டிருக்கும். அதனால் இதற்குச் சாப்பாட்டுக்கு நிகரான கவலை ஓடு. வளர வளரப் பெரிய ஓடு வேண்டும். தொட்டியில் காலி ஓடு இல்லையென்றால் ஓடோடு உயிரோடு இருக்கிற நத்தையைப் பிடிக்கும், இல்லாவிட்டால் இன்னொரு ஹெர்மிட்டைப் பிடித்து உலுக்கி வெளியே இழுக்கும். "பாசி தின்ன நத்தையும் விட்டேன், ஹெர்மிட்டும் விட்டேன், நத்தை எல்லாம் காணோம்" என்று சொல்கிற எல்லாருடைய தொட்டியிலும் நடந்தது அதுதான்.

இதற்குத் தீர்வு சுலபமானது. ஒவ்வொரு ஹெர்மிட்டுக்கும் மூன்று நாலு காலி ஓடுகள், இப்போது இருப்பதைவிடச் சற்றுப் பெரிய அளவுகளில், மணலில் போட்டு வையுங்கள். ஒரு காலி ஓட்டைப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் அறை அறையாகப் பார்ப்பது போலத்தான் இருக்கும். முதலில் உணர்கொம்பால் தொடும். அப்புறம் ஓட்டைப் புரட்டி வாயை மேலே திருப்பும், கொடுக்கை உள்ளே விட்டு எவ்வளவு ஆழம் என்று துழாவும், உள்ளே மணல் இருந்தால் கிள்ளிக் கிள்ளி வெளியே கொட்டும். இதெல்லாம் பத்து நிமிடம்கூட ஆகலாம். பிடித்துவிட்டால் மாறுவது ஒரே நொடி, அந்த இளஞ்சிவப்பு வயிறு ஒரு கணம் தெரிந்து மறைந்துவிடும். சில நேரம் புது வீட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பழையதற்கே திரும்பிவிடும், அதுவும் நடக்கும்.

ஓட்டிலும் வகை இருக்கிறது. நீலக்கால் ஹெர்மிட் போன்ற சின்ன வகைகளுக்கு வட்ட வாய் கொண்ட ஓடு சரியாக இருக்கும். ஆரஞ்சும் சிவப்பும் பட்டை போட்ட ஹாலோவீன் ஹெர்மிட்டின் உடம்பு தட்டையானது, அது கூம்புச் சங்கின் குறுகிய வாய்க்குள் நுழைவதற்கென்றே ஆனது, வட்ட வாய் ஓட்டை மட்டும் போட்டால் அதற்கு உதவாது. ராமேஸ்வரம் கடைகளில் விற்கிற வார்னிஷ் அடித்த, சாயம் பூசின ஓடுகளைத் தொட்டியில் போடவே கூடாது.

ஹெர்மிட் என்ற ஒரே பெயரில் டார்டானஸ் வகையையும் விற்கிறார்கள். குட்டியாக இருக்கும்போது இதுவும் விரல் நுனி அளவுதான். வளர்ந்தால் உள்ளங்கை கொள்ளாது. சிவப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட டார்டானஸ் மெகிஸ்டோஸ் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் சின்ன ஹெர்மிட், நத்தை, தூங்குகிற மீன் எல்லாம் அதற்குச் சாப்பாடு, பவளத்தையும் இடித்துத் தள்ளிவிட்டுப் போகும். அதைத் தனித் தொட்டியில் வைத்து வளர்க்கலாம், ரீஃப் தொட்டிக்குச் சரிப்படாது.

அடுத்தது எமரால்டு நண்டு. கரீபியன் கடலைச் சேர்ந்தது, பளபளவென்று பச்சை, ஓட்டின் அகலம் நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் போகாது. பாறையில் குமிழ் குமிழாகப் பச்சை நிறத்தில் வருமே வலோனியா பாசி, ஒவ்வொரு குமிழும் ஒரே ஒரு உயிரணு, நாம் கையால் பிய்த்தால் உடைந்து இன்னும் பரவுகிறது, அதைத் தின்பதற்கு இதைவிட நல்ல ஆள் கிடையாது. இதன் கொடுக்கு முனை கூர்மையாக இல்லாமல் குழிந்திருக்கும், அது பாசியைச் சுரண்டுவதற்கான அமைப்பு. ஆனால் ஒரு தொட்டியில் இரண்டு ஆண் எமரால்டுகள் ஒத்துப்போகாது. ஆணின் கொடுக்கு பெரிது, பெண்ணுடையது சிறிது, கடையில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். என் கணக்குப்படி நூறு லிட்டருக்கு ஒன்று. பாசி தீர்ந்துவிட்டதென்றால் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிற உப்பு, மசாலா சேர்க்காத நோரி கடற்பாசித் தாளில் ஒரு துண்டை ரப்பர் பேண்டால் கல்லில் கட்டி இறக்குங்கள். அதைச் செய்யாமல் "எமரால்டு என் சோவந்திட் பவளத்தைக் கடித்துவிட்டது" என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

போர்சலின் நண்டு எனக்கு எல்லா நண்டையும்விடப் பிரியமானது. கடல் சாமந்தி (சீ அனிமோன்) என்கிற, பூப்போல விரிந்து தொட்டால் கொட்டும் உயிரின் கைகளுக்கு நடுவே குடியிருக்கும், வெள்ளை உடம்பில் சிவப்புப் புள்ளி. ரெண்டு பெரிய கொடுக்கைப் பார்த்து முரடு என்று நினைத்துவிடாதீர்கள், அது சாப்பிடுவது வாய்க்குப் பக்கத்தில் இருக்கிற ரெண்டு மெல்லிய விசிறிகளால். ஒரு விசிறியை நீட்டி விரித்து ஓடுகிற தண்ணீரில் வீசும், மடக்கி வாய்க்குள் வழிக்கும், அதற்குள் அடுத்த விசிறி விரிந்திருக்கும். தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையில் இருந்தால் பட்டினிதான். தூளான தீனியை இதற்கென்றே கொஞ்சம் கலந்து விட வேண்டும். யாரையும் தாக்காது, யாராவது பிடித்தால் காலையோ கொடுக்கையோ உதிர்த்துவிட்டு ஓடிவிடும், உதிர்ந்தது அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது திரும்ப முளைக்கும். சண்டை வருவதென்றால் நீமோ மீனோடுதான், ரெண்டுக்கும் ஒரே சாமந்தி வேண்டும் என்பதால். சாமந்தி பெரிதாக இருந்தால் சமாளித்துக்கொள்ளும், சின்னதாக இருந்தால் நண்டு விரட்டப்படும்.

பாக்ஸர் நண்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரெண்டு கொடுக்கிலும் ஆளுக்கொன்றாகச் சின்னக் கடல் சாமந்தியைப் பிடித்துக்கொண்டு எதிரி வந்தால் அதை நீட்டிக் காட்டும். உடம்பு ரெண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். கொடுக்கு ரெண்டும் சாமந்தியைப் பிடிப்பதிலேயே போய்விடுவதால் சாப்பாட்டை வாயுறுப்புகளாலும் காலாலும் எடுக்கிறது, சாமந்தி பிடித்ததையும் பிடுங்கித் தின்கிறது. இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் செங்கடல் பாக்ஸர் நண்டுகளை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். ஒரு சாமந்தியை எடுத்துவிட்டால் நண்டு மிச்சமிருப்பதை ரெண்டாகப் பிய்த்து ரெண்டு கையிலும் வைத்துக்கொள்கிறது, சில நாளில் பிய்த்த பாதிகள் ரெண்டும் முழுச் சாமந்தியாகிவிடுகின்றன. ரெண்டுமே இல்லாமல் விட்டால் இன்னொரு பாக்ஸரிடம் போய்ச் சண்டை போட்டுப் பிடுங்கிக்கொள்கிறது. தொட்டி வைத்திருப்பவர் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது, சின்னத் தொட்டியில் ரெண்டு பாக்ஸர் விட்டால் ஓயாத பறிப்பு நடக்கும். சாமந்தி இல்லாத பாக்ஸரைக் கடையில் கொடுத்தால் வாங்காதீர்கள், பாதுகாப்புக்கு அதனிடம் வேறு எதுவும் இல்லை.

சரி, சேர்க்கவே கூடாதவை. ஆரோ நண்டு, முக்கோண உடம்பும் நீளநீளக் கால்களும் கொண்டது, ப்ரிஸில் புழுவைத் தின்னும் என்று கொடுப்பார்கள், தின்னும்தான், ஆனால் அப்புறம் சின்ன இறால், சின்ன நண்டு, தூங்குகிற சின்ன மீன் என்று போகும், இன்னொரு ஆரோ நண்டைக் கண்டால் விடாது. பாக்ஸரும் போர்சலினும் இருக்கிற தொட்டிக்கு அது வேண்டாம். சாலி லைட்ஃபுட் நண்டு இளசில் பாசி தின்று சமர்த்தாக இருக்கும், தட்டையான உடம்பு என்பதால் எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும், பெரிதானதும் ராத்திரியில் மீன் பிடிக்க ஆரம்பிக்கும், அப்போது அதைப் பிடிக்கப் பாறையை முழுக்கக் கலைக்க வேண்டியிருக்கும். டெக்கரேட்டர் நண்டு உங்கள் சோவந்திட்டையும் மென்பவளத்தையும் வெட்டி முதுகில் சொருகிக்கொள்ளும், அதன் சுபாவமே அது, திட்டிப் பயனில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நண்டுகளைச் சேர்த்து வைப்பதில் உயிர்ச்சேதம் பெரும்பாலும் ஓடு கழற்றுகிற நேரத்தில்தான் நடக்கிறது. நண்டு வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். முதுகு ஓட்டின் பின்விளிம்பில் பிளவு விடும், அதன் வழியாகப் பின்பக்கமாக உடம்பை இழுத்து வெளியே வரும், கண், கால், கொடுக்கு எல்லாவற்றையும் உருவிக்கொண்டு. வெளியே வந்ததும் அதன் உடம்பு ரப்பர் பதத்தில் இருக்கும், எந்தக் கொடுக்கும் கிழித்துவிடும். புது ஓடு இறுகும்வரை ஒளிந்திருக்க இடம் வேண்டும். அதனால்தான் நண்டு எண்ணிக்கையைத் தொட்டியின் லிட்டரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பாறையில் எத்தனை தனித்தனிப் பொந்துகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். மூன்று நண்டுக்கு ஒரே ஒரு நல்ல பொந்து இருந்தால் ஒன்று மெத்தென்று இருக்கும் நாளில் மற்ற ரெண்டும் வாசலில் நிற்கும். சில நாளாக நண்டு வெளியே வராமல், தீனிக்கும் வராமல் இருந்தால் பாறையைப் புரட்டித் தேடாதீர்கள், தேடுகிறவர்கள்தான் பல நேரம் அதைக் கொன்றுவிடுகிறார்கள். மணலில் கிடக்கிற உரித்த தோலைப் பார்த்து நண்டு செத்துவிட்டதென்று நினைப்பதும் நிறைய நடக்கிறது. தூக்கிப் பாருங்கள், உள்ளே சதை இல்லாமல் காலியாக இருந்தால், நாற்றம் இல்லாமல் இருந்தால், அது கழற்றிப் போட்டது.

அழைக்காமலே வந்து சேரும் நண்டுகளும் உண்டு. கல்லோடும் பவளத்தோடும் ஒட்டிக்கொண்டு வருபவை. கொடுக்கு முனை கறுப்பு, கால் முழுக்க முடி என்றிருந்தால் சந்தேகப்படுங்கள், ராத்திரியில் சிவப்பு டார்ச் அடித்துப் பாருங்கள், பவளத்தைக் கடிக்கிறதென்றால் ஒரு கண்ணாடி டம்ளரில் இறால் துண்டைப் போட்டுப் பாறையில் சாய்த்து வையுங்கள், உள்ளே இறங்கும், வழுக்குவதால் ஏற முடியாது. ஆனால் பவளத்தின் கிளைகளுக்கு நடுவே வழவழவென்று மினுங்குகிற சின்ன நண்டு ஜோடியாக இருந்தால் தயவுசெய்து கொல்லாதீர்கள். அது ட்ரபீசியாவாகவோ டெட்ராலியாவாகவோ இருக்கும், பவளத்தின் காவல்காரர்கள். பவளம் சுரக்கும் கோழையைத் தின்று அங்கேயே வாழ்கின்றன, பவளத்தைத் தின்ன வரும் முட்கிரீட நட்சத்திர மீனின் முள்ளையும் கால்களையும் கடித்து விரட்டுகின்றன, பவளத்தின் மேல் படியும் வண்டலையும் தள்ளிச் சுத்தம் செய்கின்றன. பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் இந்த நண்டுகளை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள், 2006இல் முடிவு வெளியானது. நண்டு இருந்த பவளங்கள் எல்லாம் பிழைத்தன, நண்டு எடுக்கப்பட்டவற்றில் 45 முதல் 80 சதவீதம் ஒரு மாதத்துக்குள் வண்டல் மூடிச் செத்துவிட்டன. இவ்வளவு வேலை பார்க்கிற நண்டைத்தான் "தெரியாத நண்டு" என்று இடுக்கியால் நசுக்குகிறோம்.

இதோடு ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் கடலிலிருந்து கல்பவளமோ கடல் விசிறியோ எடுப்பது சட்டப்படி குற்றம், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்த்துவிட்டார்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் இருந்த மன்னார் வளைகுடாவில், பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று ரெண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. "மண்டபத்துக் கல், நண்டோடு வரும்" என்று யாராவது ரகசியமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். நண்டு மேல் ஆசை உள்ளவர்கள் அந்த நண்டு வாழ்கிற பாறையை அழிப்பதற்குக் காசு கொடுக்கக் கூடாது.

மெரினாவில் பிள்ளைகள் பிடித்து வரும் நண்டைப் பற்றியும் கேட்கிறார்கள். மணலில் குழி தோண்டி ஓடுகிற அந்த நண்டு காற்றைச் சுவாசிப்பது, செவுளை ஈரமாக வைத்துக்கொள்ளத்தான் அலைக்கு வருகிறது, தொட்டி நீரில் முழுக்கப் போட்டு மூடினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். பிடித்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். காசிமேட்டில் உயிரோடு வருகிற நீல நண்டு, சிலுவை நண்டுக் குட்டிகளையும் சிலர் அழகுக்காகக் கொண்டுவந்து விடுகிறார்கள். நண்டின் கடைசி ஜோடிக் காலைப் பாருங்கள், அது துடுப்பாகத் தட்டையாக இருந்தால் நீந்தி வேட்டையாடும் நண்டு, ரீஃப் தொட்டியில் அதற்கு இடமில்லை, வேறு விளக்கமே தேவையில்லை.

அப்படியென்றால் எதைச் சேர்க்கலாம்? இருநூறு லிட்டர் தொட்டி, நிறையப் பொந்து உள்ள பாறை, வைத்து ஆறு மாதம் தாண்டி நிலைத்த தண்ணீர் என்றால், என் யோசனை: ஒரே ஒரு எமரால்டு, சின்ன வகை ஹெர்மிட் ஐந்தாறு, சாமந்தி இருந்தால் ஒரு போர்சலின், ஹெர்மிட்டுகள் அதிகம் சுற்றாத பக்கத்துப் பாறையில் ஒரு பாக்ஸர். அதற்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாமல் சாதுவானவற்றை முதலில் விட்டு இடம் பிடிக்கவையுங்கள், எமரால்டைக் கடைசியில் விடுங்கள். ட்ரிகர், பஃபர், ஹாக் மீன்கள் இருக்கிற தொட்டியில் இதெல்லாம் அவற்றுக்கு விருந்தாகத்தான் முடியும். வெள்ளையும் சிவப்பும் பட்டை போட்ட பாக்ஸிங் இறாலையும் பாக்ஸர் நண்டையும் சேர்க்காதீர்கள், இறால் ரொம்ப ஆக்ரோஷமானது. கவரிலிருந்து நேராகக் கொட்டாமல், மெல்லிய குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கவர் நீரில் ஒரு மணி நேரமாவது கலந்து, உப்பளவு சமமான பிறகு விடுங்கள், மீனைவிட நண்டுக்கு உப்பளவு மாற்றம் ஆகவே ஆகாது.

கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நிறைய அண்ணன்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துத்தான் என்னைப் போன்றவர்கள் இந்த வழிக்கு வந்தோம். ஒரு கோரிக்கை மட்டும். நண்டு போடுகிற கவர் மேல் வெறுமனே "நண்டு" என்று விலையை எழுதாமல், எந்த வகை, வளர்ந்தால் எவ்வளவு பெரிது என்று மார்க்கரில் ரெண்டு வார்த்தை எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு நண்டையும் தனிக் கவரில் போடுங்கள், வண்டியில் வீடு போய்ச் சேருவதற்குள்ளேயே காலை இழந்த நண்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியரிடம் கேட்பது, அடுத்த இணைப்பில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். இடம் ரொம்பக் குறைவென்றால் இதை மட்டுமாவது போடுங்கள்: மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் ஊற்றச் சொல்லிக் கொடுக்கும் மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கிறது, மீன் பிழைக்கிற அளவிலேயே நண்டு, இறால், நத்தை எல்லாம் செத்துவிடும். மீனைப் பிடித்துத் தனித் தொட்டியில் வைத்து மருந்து கொடுக்க வேண்டும், நண்டு இருக்கிற தொட்டியில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. போன ஞாயிறு கட்டுரையைப் படித்துவிட்டு நண்டு வாங்கியவர்களில் யாராவது இந்த வாரம் அந்த மருந்துப் பாட்டிலைக் கையில் எடுக்கக்கூடும்.

இப்படிக்கு,
ரீஃப் தொட்டி வளர்க்கும் வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை.